ரிவர்ஸ் கேமராவைக் காரணம் காட்டி ஏசி கம்ப்ரஸருக்கு வாரன்டி மறுக்கப்பட்டது குறித்த புகார்

அனுப்புநர்: கார் உரிமையாளர், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்: தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, கார் தயாரிப்பு நிறுவனம்.

நாள்: 16.06.2025

மதிப்பிற்குரிய ஐயா,

2023 மார்ச் மாதம் தங்கள் நிறுவனத்தின் காரைத் திருச்சியிலுள்ள தங்கள் முகவரிடம் வாங்கினேன். மூன்று ஆண்டுகள் அல்லது 1,00,000 கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை வாரன்டி உண்டு. வண்டி இதுவரை 31,240 கிலோமீட்டரே ஓடியுள்ளது; ஒரு சர்வீஸ்கூடத் தவறியதில்லை.

கடந்த மாதம் ஏசியைப் போட்டதும் என்ஜின் பக்கமிருந்து உரசும் ஓசை எழுந்தது. நான்கே நாளில் குளிர்ச்சி அறவே நின்றது. கம்ப்ரஸரில் சுழலும் பகுதியைத் தாங்கும் பேரிங் தேய்ந்துவிட்டது என்று பணிமனையில் கூறினார்கள். மாற்றித் தருவார்கள் என்று நம்பியிருந்த என்னிடம் மறுநாள் 34,600 ரூபாய்க்கு மதிப்பீடு நீட்டப்பட்டது. வெளியில் பொருத்திய ரிவர்ஸ் கேமரா இருப்பதால் வாரன்டி பொருந்தாது என்று ஜாப் கார்டில் எழுதியிருந்தார்கள்.

கேமராவை நான் மறைக்கவில்லை. எங்கள் தெரு குறுகலானது; வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அங்கு விளையாடும் குழந்தைகள் கண்ணில் படுவதில்லை என்பதால், சென்ற ஆண்டு வெளி எலக்ட்ரீஷியனைக் கொண்டு அதைப் பொருத்தினேன். அவர் ரிவர்ஸ் விளக்குக்குச் செல்லும் ஒயரைச் சீவி, அதிலிருந்து இணைப்பு எடுத்தார். அந்த ஒயரோ விளக்கோ பழுதானால் அது என் பொறுப்பு; அதற்காகத் தங்களிடம் வந்து நிற்க மாட்டேன். ஆனால் ரிவர்ஸ் கியர் போடும்போது மட்டும் மின்சாரம் பெறும் அந்தச் சிறு கேமராவுக்கும், என்ஜினின் பெல்ட்டால் சுழலும், தனக்கென்று தனி ரிலேயும் ஃபியூஸும் உள்ள கம்ப்ரஸருக்கும் என்ன தொடர்பு? தேய்ந்தது இயந்திரப் பகுதியான பேரிங். கேமராவின் ஒயரிங்கைப் பணிமனையில் எவரும் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

தங்கள் வாரன்டிப் புத்தகத்தைப் பலமுறை படித்தேன். நிறுவனம் அங்கீகரிக்காத மாற்றங்களால் விளையும் பழுதுக்கு வாரன்டி கிடையாது என்றே அதில் உள்ளது. மாற்றம் செய்த வண்டிக்கு எதற்குமே வாரன்டி கிடையாது என்று இல்லை. 'விளையும்' என்ற சொல்லுக்குப் பொருள் உண்டென்றால், மாற்றத்தால்தான் பழுது விளைந்தது என்று காட்ட வேண்டியவர்கள் மறுப்பவர்களே. என்ஜினின் மென்பொருளை மாற்றி அதன் திறனைக் கூட்டும் ரீமேப் செய்துவிட்டு கிளட்ச் தேய்ந்தது என்று ஒருவர் வந்தால் தாங்கள் மறுப்பதில் நியாயம் இருக்கிறது, ஏனெனில் அங்கே காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. என் வண்டியில் அப்படி எதுவும் இல்லை.

ஆகவே கம்ப்ரஸரைக் கட்டணமின்றி மாற்றித் தர வேண்டுகிறேன். மறுப்பதானால், கேமரா எவ்வாறு பேரிங்கைத் தேய்த்தது என்பதைத் தங்கள் தொழில்நுட்பப் பிரிவின் கையொப்பத்துடன் எழுத்தில் தர வேண்டும். பழுதான கம்ப்ரஸரையும் அதுவரை அப்புறப்படுத்தாமல் வைத்திருக்கப் பணிமனைக்கு உத்தரவிட வேண்டும். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வதோடு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன்.

ஜாப் கார்டு, மதிப்பீடு, சர்வீஸ் பதிவுகள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்