எஃப்.எம். ரிசீவரில் எழுத்து வராதது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழக்கரை, தொண்டி பக்கம் வளைகுடா நாடுகளிலிருந்து வந்திறங்கும் ஹோம் தியேட்டர் ரிசீவர்கள் பலவற்றில், வானொலியோடு எழுத்தையும் வாங்கிக் காட்டும் ஆர்.டி.எஸ். (ரேடியோ டேட்டா சிஸ்டம்) வசதி உண்டு. எஃப்.எம். வைத்தால் நிலையத்தின் பெயர், ஒரு வரிச் செய்தி, மணி எல்லாம் டிஸ்பிளேயில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் செட் போய்விட்டது என்று கடைக்குத் தூக்கி வருகிறார்கள். செட்டில் கோளாறு இருப்பது அபூர்வம்.

நிலையம் பாட்டோடு சேர்த்து 57 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் விநாடிக்கு 1187.5 பிட் வேகத்தில் இந்த எழுத்துகளை அனுப்புகிறது. அனுப்பாத நிலையத்தில் என்ன செய்தாலும் 'நோ டெக்ஸ்ட்'தான். அனுப்பினாலும் இதற்குக் கிடைக்கும் பங்கு மிகச் சிறியது. நிலையத்தின் அலை இருபுறமும் விலகக்கூடிய 75 கிலோஹெர்ட்ஸில் எழுத்துக்கு ஏறக்குறைய 2தான். அதனால் பாட்டு நன்றாகக் கேட்கும்போதே எழுத்து உடைகிறது. மோனோவுக்கு மாற்றினால் இரைச்சல் அடங்கும், எழுத்துக்குப் பலன் இல்லை.

ரிமோட்டில் டிஸ்பிளே பொத்தானை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் பெயர், நிகழ்ச்சி வகை, செய்தி வரி, மணி என்று மாறும். வரிசை செட்டுக்குச் செட் வேறுபடும். பெயர் ஓரிரு விநாடியில் வந்துவிடும். மணி நிமிடத்துக்கு ஒரு முறைதான் வரும். அந்த நொடியில் சிக்னல் தடுமாறினால் அடுத்த நிமிடம் வரை காத்திருக்க வேண்டும். மணி சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டினால் தவறு நிலையத்தில்; எழுத்தைச் சேர்த்து அனுப்பும் அங்குள்ள என்கோடர் கருவியில் இந்திய நேரத்துக்கான +5:30 கொடுக்கப்படவில்லை.

முக்கியமான வேலை ஆன்டெனாவில்தான். பெட்டியோடு வரும் ஒயரைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டால் போதாது. நடுவில் இரண்டு விரல் அளவு இடைவெளி விட்டு, ஒவ்வொன்றும் 73 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு அலுமினியக் குழாய்களை மொட்டை மாடியில் ஒரே நேர்கோட்டில் பொருத்தி, கேபிள் டிவிக்குப் போடும் ஆர்.ஜி.6 ஒயரின் நடுக்கம்பியை ஒரு குழாயிலும் வலையை மறு குழாயிலும் இணைக்கலாம். படுக்கை வாட்டத்திலும் செங்குத்தாகவும் வைத்துப் பார்த்து, எழுத்து நிலைத்து நிற்கும் நிலையிலேயே இறுக்கிவிடுங்கள். காதை நம்ப வேண்டாம், டிஸ்பிளேயைப் பாருங்கள். நம் கரையில் அடுத்த எதிரி உப்புக்காற்று. அலுமினியமும் செம்பும் நேராகத் தொட்டுக்கொள்ளும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்து இணைப்பு செத்துப்போகும். நடுவே ஸ்டெயின்லெஸ் வாஷர் போட்டு, கிரீஸ் தடவி மூட வேண்டும். காடி வாடை அடிக்கும் சிலிக்கான் பசையைப் பூசாதீர்கள். அதிலிருந்து வரும் அமிலமே செம்பை அரிக்கும்.

அமெரிக்காவிலிருந்து வந்த செட் என்றால் வேறு தொல்லை. அது 200 கிலோஹெர்ட்ஸ் தாவலில் 90.3, 90.5 என்று ஒற்றைப்படையாகவே போகும். பாம்பனிலிருந்து ஒலிக்கும் கடல் ஓசை வானொலியின் 90.4 அதில் சரியாக நிற்காது. மெனுவில் தாவலை 50 அல்லது 100 என மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். நிகழ்ச்சி வகையை நிலையம் எண்ணாகத்தான் அனுப்பும்; அந்த எண்களின் பட்டியலும் அங்கே வேறு: ஐரோப்பியப் பட்டியலில் எண் 5 கல்வி, அமெரிக்கப் பட்டியலில் ராக் இசை. பாடம் நடக்கும்போது 'ராக்' என்று வந்தால் மிரள வேண்டியதில்லை.

காற்றடங்கிய கோடை இரவுகளில் இலங்கை நிலையங்கள் கடல் தாண்டி நம் அலைவரிசைகளில் ஏறிவரும். பெயர் மாறிமாறி வருவது அதனால். அதே நிலையத்தின் மாற்று அலைவரிசையைத் தானே தேடும் ஏ.எஃப். வசதி உள்ள செட்டில் அதை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் தானே வேறு அலைவரிசைக்குத் தாவப் பார்க்கும்.

வானொலி நிலையங்களுக்கும் இரண்டு வேண்டுகோள். பெயருக்கு இடம் எட்டு எழுத்துதான். கடல் ஓசையை ஆங்கில எழுத்தில் எழுதினாலே ஒன்பது ஆகிவிடும். அதற்காகப் பெயரைத் துண்டு துண்டாக ஓடவிட வேண்டாம். எட்டு எழுத்தும் இரண்டிரண்டாக நான்கு தவணையில் வருகின்றன; ஒரு தவணை தவறினால் பழைய பாதியும் புதிய பாதியும் ஒட்டிக்கொண்டு அர்த்தமில்லாத சொல் நிற்கும். பெயரைச் சுருக்கி நிலையாக வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் 64 எழுத்து கொள்ளும் செய்தி வரியில் போடலாம்.

இரண்டாவது, அந்த வரியைப் புயல் காலத்தில் பயன்படுத்துங்கள். சாதாரண ஆர்.டி.எஸ். செட்டில் தமிழ் எழுத்து வராது. ஆனாலும் 'பாம்பனில் 3ஆம் எண் புயல் கூண்டு, கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் இடைவெளி உட்பட 60-க்குள் அடங்கும். நிகழ்ச்சி வகையில் 31ஆம் எண் அபாய அறிவிப்புக்கென்றே இருக்கிறது. சில செட்டுகள் அதைக் கண்டால் ஸ்டாண்ட்பையிலிருந்து தானே விழித்துக்கொள்ளும். கூண்டை இறக்கியதும் அந்த வரியை உடனே எடுப்பதற்கு ஒருவரைப் பொறுப்பாக்கவும் வேண்டும்.

இப்படிக்கு,
வானொலி பழுதுபார்ப்போர்,
மண்டபம்.