குழாயில் படிந்த வெள்ளை

குன்னூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். பாத்ரூம் குழாயெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது, வீட்டுக்கார அம்மா பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார் என்று நேற்று போனில் சொன்னாய். உன் அம்மா "வினிகர் ஊற்று" என்றாள். நான் "சோடா போடு" என்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசியதில் நீ "சரிப்பா, சரிம்மா" என்று போனை வைத்துவிட்டாய். ராத்திரி யோசித்துப் பார்த்தேன். அம்மா சொன்னதுதான் சரி.

நீ இங்கே வளர்ந்தவள், அந்த வெள்ளையைப் பார்த்திருக்க மாட்டாய். நம் வீட்டுக்கு வருவது மலைத் தண்ணீர். அதில் சுண்ணாம்பு ரொம்பக் குறைவு. துளி சோப்புக்கே நுரை பொங்கும், கெட்டிலின் உள்ளே வருஷக் கணக்கில் ஒன்றும் படியாது. வேளச்சேரியில் உனக்கு வருவது போர் தண்ணீர். குழாயில் தங்கும் சொட்டு காய்ந்ததும் தண்ணீர் போய்விடும், சுண்ணாம்பு மட்டும் உட்கார்ந்துகொள்ளும். அதைச் சோப்பு போட்டுத் தேய்த்தால் கைதான் வலிக்கும். சுண்ணாம்பைக் கரைப்பது புளிப்பு. கடையில் விற்கும் வினிகரில் புளிப்பு அமிலம் நூற்றுக்கு 4, 5 பங்குதான், ஆனால் அதுவே போதும். பழைய பனியன் துணியை நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டி, அரை மணி கழித்து அவிழ்த்துத் துடை. பிடிவாதமாக இருந்தால் இன்னொரு முறை. ராத்திரி முழுக்க விடாதே, குழாயின் பளபளப்புப் பூச்சு போய்விடும். ஷவருக்கு, பால் கவரில் பாதி வினிகர் ஊற்றி அதற்குள் ஷவர் தலை முங்கும்படி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடு. வினிகர் இல்லையா, பிழிந்த எலுமிச்சை மூடியை உப்பில் தொட்டுத் தேய்.

ஒன்று கவனி. ஹாலில் மொசைக் தரை என்றாய். குழாயில் படிகிற வெள்ளையும், மார்பிளும், மொசைக்கில் பதித்திருக்கும் சில்லுகளும் ஒரே இனம்தான். குழாயைச் சுத்தமாக்குகிற அதே வினிகர் தரையை அரித்து மங்கலாக்கிவிடும். தரைக்கு வெறும் வெந்நீர் போதும். அம்மாவுக்கு இளைப்பு வந்ததிலிருந்து இங்கே வாசனை போட்ட ஃப்ளோர் க்ளீனர் வாங்குவதில்லை. பூந்திக்கொட்டையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரில்தான் துடைக்கிறேன். ஆமாம், நான்தான் துடைக்கிறேன். ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை.

இட்லிப் பானை அடியில் கறுத்துப்போகிறது என்றும் சொன்னாய். அலுமினியப் பானையில் அந்த உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அப்படித்தான் ஆகும். பாட்டி ஒரு சுளை புளியையோ எலுமிச்சைத் தோலையோ பானைத் தண்ணீரில் போடுவாள், நினைவிருக்கிறதா? அதைச் செய். விளக்குக்கும் புளிதான். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, உடனே கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடு. ஈரத்தோடு வைத்தால் மறுநாளே பழைய நிறம்.

சோடா எதற்கு என்று கேட்பாய். எண்ணெய்ப் பிசுக்குக்கு. அடுப்பு மேடை, எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கை, தாளிக்கிற இடத்துக்குப் பின்னால் இருக்கும் டைல்ஸ், இதெல்லாம் சோடாவின் வேலை. ஆப்ப சோடாவை வெந்நீரில் குழைத்துப் பூசி, கால் மணி கழித்துத் துடை. அலுமினியத்தில் மட்டும் படவிடாதே, கறுத்துவிடும்.

சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றினால் பொங்குமே, அதைப் பார்த்து நானும் ரொம்ப நாள் ஏமாந்திருக்கிறேன். பொங்குவது வாயு. புளிப்பும் காரமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, கடைசியில் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்தான். இரண்டு பாக்கெட் காசு வீண், வேறு கெடுதல் இல்லை.

கெடுதல் வேறு கலவையில் இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் மறைத்த கதை இது. நீ ஹாஸ்டலில் இருந்த வருஷம், ஐப்பசி மழை. குளிருக்குக் கதவு ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு பாத்ரூம் கழுவினேன். கக்கூஸில் ஆசிட் ஊற்றியிருந்தேன். கறை போகவில்லையே என்று மேலே பிளீச்சிங் பவுடரைக் கொட்டினேன். குபீரென்று கிளம்பியது குளோரின். கண்ணும் தொண்டையும் எரிந்து, மூச்சே வரவில்லை. அம்மா சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். இரண்டு நாள் இருமினேன், ஒரு வாரம் திட்டு வாங்கினேன். வினிகரோ எலுமிச்சையோ பிளீச்சிங்கோடு சேர்ந்தாலும் அதே வாயுதான் வரும். இதில் மட்டும் விளையாடாதே கண்ணு.

அதற்காகப் பிளீச்சிங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் யாருக்காவது வாந்தி பேதி என்றால் வினிகரை நம்பி உட்காராதே. கிருமிக்கு அது போதாது. அன்றைக்குப் பிளீச்சிங் தண்ணீரைத் தனியாகக் கலக்கி, ஜன்னலைத் திறந்துவைத்துக் கழுவு.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. பீரோவுக்குள் என் பெல்ட்டில் பச்சைப் பூஞ்சை. வினிகரால் துடைத்தேன், நாலே நாளில் திரும்ப வந்துவிட்டது. வெயில் அடித்தால்தான் அதற்கு விடிவு. அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து பீரோவில் வைத்திருக்கிறேன், வாடையாவது குறையட்டும்.

நீ கேட்டாயே என்று யூகலிப்டஸ் தைலம் வாங்கப் போனேன். வெள்ளைக்காரன் விறகுக்காக 1843 வாக்கில் இங்கே கொண்டுவந்து நட்ட மரம், இன்று அதன் இலையை வடித்த தைலம்தான் ஊருக்கே அடையாளம். தண்ணீரில் விட்டால் அது கலக்காமல் மேலே மிதக்கும். முதலில் சோடாவில் நாலு சொட்டு விட்டுப் பிசைந்து குப்பைக் கூடையின் அடியில் தூவினால் நாற்றம் தெரியாது. இதெல்லாம் உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பாட்டிலைக் கையில் எடுத்தபோதுதான் உன் ரூம்மேட் பூனை வளர்ப்பது நினைவுக்கு வந்தது. பூனைக்குத் தைலம் விஷம். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதனால் பார்சலில் பூந்திக்கொட்டை அரைக்கிலோ, பழைய புளி ஒரு உருண்டை, அம்மா போட்ட வர்க்கி பிஸ்கட் ஒரு டப்பா. வர்க்கி சுத்தம் செய்வதற்கல்ல என்று எழுதச் சொன்னாள்.

குழாயைத் துடைத்ததும் ஒரு போட்டோ அனுப்பு. அம்மா பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா