செந்தூலுக்கு ஒரு கடிதம்: மைவியா, ஹைபிரிட்டா?

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள குணா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு இங்கே யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. தங்குவதற்கு இடம் தேடி அலையாதே, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீ மாதம் ஒருமுறை இங்கே வந்து போவாய் என்பதால், காடி (கார்) வாங்கும் கணக்கும் கொஞ்சம் மாறுகிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

புது பெரோடுவா மைவி 1.5, பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த புது ஹோண்டா சிட்டி ஹைபிரிட், செகண்ட் ஹேண்ட் கடையில் பார்த்த 2013 டொயோட்டா பிரியஸ் சி ஹைபிரிட் என்று மூன்றையும் எழுதி, எது நல்லது என்று கேட்டிருக்கிறாய். இங்கே தே தாரேக் டீக்கடையில் தினமும் நடக்கும் வாதமும் இதுதான். பாலா சின்ன காடி கட்சி. ஹைபிரிட்டில் பேட்டரி செத்தால் காடியே செத்தது என்பான். செல்வம் எதிர்க்கட்சி. ஜேமில் (நெரிசலில்) எஞ்சின் அணைந்து கிடப்பதே லாபம் என்பான். இருவருமே உன் பாதையைக் கேட்காமல் பேசுகிறவர்கள்.

உன் பாதையையே எடுத்துக்கொள்வோம். செந்தூலிலிருந்து ஷா ஆலாம் போய் வர நாளுக்கு 60 கிலோமீட்டர், மாதத்தில் 22 நாள். பினாங்கு போய் வர 700. ஆண்டுக்கு ஏறத்தாழ 24,000 கிலோமீட்டர். அதில் 16,000 ஜேம், 8,000 நெடுஞ்சாலை. பெட்ரோல் சிட்டி ஜேமில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் 17 தரும் என்று வை. ஆண்டுக்கு 1,800 லிட்டர். ஹைபிரிட் சிட்டி ஜேமில் 22, நெடுஞ்சாலையில் 20 என்றால் சுமார் 1,130 லிட்டர். மிச்சம் 670 லிட்டருக்கு மேல். அதில் 600 லிட்டர் ஜேமில் மிச்சமாவது, வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் வெறும் 70. ஜேமே இல்லாத ஊர்க்காரன் ஹைபிரிட் வாங்கினால் ஏமாறுவது இதனால்தான்.

காசுக்கு வருவோம். 2025 செப்டம்பர் 30 முதல் அரசின் புடி95 பெட்ரோல் மானியத் திட்டத்தில் லிட்டர் 1.99 வெள்ளி (ரிங்கிட்). தொடக்கத்தில் வைத்த மாத வரம்பு 300 லிட்டர். பெட்ரோல் சிட்டியே உனக்கு மாதம் 150 லிட்டர்தான் குடிக்கும், ஆகவே வரம்பு உன்னைத் தொடாது. ஹைபிரிட்டில் ஆண்டுக்கு மிச்சம் ஏறத்தாழ 1,340 வெள்ளி. 2023-இல் விலை அறிவித்தபோது சிட்டி ஆர்எஸ் பெட்ரோலுக்கும் ஆர்எஸ் ஹைபிரிட்டுக்கும் இடைவெளி 12,000 வெள்ளி. போட்ட காசு திரும்ப ஒன்பது ஆண்டு. மானியமில்லாமல் அப்போதிருந்த 2.60 வெள்ளிக்குப் போட்டாலும் ஏழு ஆண்டு. ஹைபிரிட் பேட்டரிக்கு ஹோண்டா தரும் உத்தரவாதம் 8 ஆண்டு, கிலோமீட்டர் வரம்பு இல்லை. நீ பழைய புரோட்டான் வீராவைப் பதினைந்து ஆண்டு ஓட்டிய ஆள், அதனால் இந்தக் கணக்கு உனக்கு ஒத்துவரும். ஐந்து ஆண்டில் மாற்றுகிறவனுக்கு ஒத்துவராது.

மைவியோடு ஒப்பிட்டால் கதையே வேறு. ஜேமில் 13, நெடுஞ்சாலையில் 18 என்றால் ஆண்டுக்கு சுமார் 1,675 லிட்டர். ஹைபிரிட் அதைவிட 545 லிட்டர் மிச்சம் பிடிக்கும், அதாவது ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி. விலை இடைவெளியோ ஐம்பதாயிரத்தை ஒட்டி. அதைப் பெட்ரோலில் மீட்பதற்குள் உன் பேரன் லைசென்ஸ் எடுத்துவிடுவான். ரோட் டேக்ஸும் ஹைபிரிட்டுக்குச் சலுகை காட்டுவதில்லை. எஞ்சின் சிசி-யைத்தான் பார்க்கிறார்கள். 1.5 மைவிக்கும் 1.5 ஹைபிரிட்டுக்கும் ஒரே 90 வெள்ளி. பெரோடுவா ஆக்சியாவின் ஒரு லிட்டர் எஞ்சினுக்கு 20. டொயோட்டா கொரோலா கிராஸ் ஹைபிரிட்டின் 1.8-க்கு இதைவிட மிக அதிகம்.

இருந்தாலும் ஜேமில் ஏன் இத்தனை வித்தியாசம் என்பதைத் தெரிந்துகொள். பழைய ஹைபிரிட்டைப் பார்க்கும்போது அதுதான் கைகொடுக்கும். சாதாரண காடியில் ஏர்கோன் கம்ப்ரஸரை எஞ்சினின் பெல்ட் சுற்றுகிறது. பெடரல் ஹைவேயில் நின்றுகொண்டிருக்கும்போதும் எஞ்சின் ஓடித்தான் ஆக வேண்டும். 1.5 லிட்டர் எஞ்சின் சும்மா நின்றபடி மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். மைவியின் எகோ ஐடில் வசதி காடி நிற்கும்போது எஞ்சினை அணைக்கும், ஆனால் நம் வெயிலில் கொஞ்ச நேரத்தில் காற்று சூடாகி எஞ்சின் தானே எழுந்துவிடும். பிரியஸ் சி-யிலும் சிட்டி ஹைபிரிட்டிலும் கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுகிறது. எஞ்சின் அணைந்தாலும் குளிர் குறையாது. இந்த ஒன்று போதும், எல்லா ஹைபிரிட்டும் ஒன்றல்ல என்று காட்ட. 2011, 2012-இல் வரிவிலக்குக் காலத்தில் வந்த ஹோண்டா இன்சைட்டிலும் முதல் ஜேஸ் ஹைபிரிட்டிலும் கம்ப்ரஸர் பெல்ட்டில்தான். மோட்டார் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே மெல்லிய தட்டாக உட்கார்ந்து எஞ்சினுக்குத் தோள் கொடுக்கும், அவ்வளவுதான். விலை மலிவு என்று யாராவது இன்சைட்டைக் காட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு.

சிட்டி ஹைபிரிட்டின் அமைப்பு வேறு. 98 குதிரைத்திறன் எஞ்சின் பெரும்பாலும் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. சக்கரத்தைத் தள்ளுவது 109 குதிரைத்திறன் மோட்டார், அதன் இழுவிசை 253 நியூட்டன் மீட்டர். சாலை விளக்கு பச்சைக்கு மாறியதும் பாய்வது அந்த மோட்டாரால்தான். நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் எஞ்சினை நேராகச் சக்கரத்தோடு பூட்டுகிறது. ஈப்போ தாண்டி மெனோரா ஏற்றத்தில் அழுத்தினால் பூட்டு விலகி, எஞ்சின் சத்தம் ஏறி, காடியின் வேகத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லாமல் கேட்கும். கோளாறு இல்லை. கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போதும் இப்படித்தான். கெந்திங் சிம்பா வரை ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். நாலு பேரோடு இறங்கினால் கிடைக்கும் ஆற்றல் மூன்று யூனிட்டுக்கு மேல், பேட்டரியின் கொள்ளளவோ ஒரு யூனிட் கூட இல்லை. நிரம்பியதும் மீதியைச் செலவழிக்கக் காடியே எஞ்சினைச் சுழற்றும். ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்த பிறகும் உறுமுகிறதே என்று பயப்படாதே. பிரியஸ் சி-யில் அங்கே கியரை 'B' நிலைக்கு மாற்று, 'P' அல்ல. பிரேக்கை மிதித்தபடியே இறங்காதே.

மைவியிலும் குறை உண்டு. உடம்பு லேசு, பினாங்கு இரண்டாம் பாலத்தின் 24 கிலோமீட்டரில் பக்கக் காற்று அடித்தால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும். 110-இல் டயர் சத்தம் உள்ளே வரும். ஆனால் 2021-இல் வந்த, பெல்ட்டில் ஓடும் டி-சிவிடி ஆட்டோ கியர்பாக்ஸ் பழைய நாலு கியரை எவ்வளவோ மிஞ்சும். வேகம் ஏறியதும் பல்சக்கரம் சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வதால் பெல்ட்டுக்கு வேலை குறைவு. அதற்கென்று உள்ள சிவிடி எண்ணெயைத் தவிர வேறு எதையும் ஊற்ற விடாதே. 'எல்லாக் காடிக்கும் ஆகும்' என்று போர்மேன் (மெக்கானிக்) ஒரு டின்னைக் காட்டினால் அந்தப் பட்டறையை மாற்று. டயர் 185/55 ஆர்15, எந்தக் கடையிலும் கிடைக்கும். சிட்டி ஆர்எஸ்-க்கு ஆர்16. அதே அகலம்தான், ஆனால் தேர்வு குறைவு.

இனி அந்தப் பிரியஸ் சி. நிராகரித்துவிடு என்று சொல்லமாட்டேன், நல்ல காடி. ஆனால் பத்து ஆண்டு தாண்டிய நிக்கல் பேட்டரி, அதனால் பெயின்டைப் பார்த்து மயங்காதே. பின் சீட்டுக்கு அடியில் 20 மாட்யூல் (சிறு பேட்டரித் துண்டு), ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், மொத்தம் 144. இதைக் குளிர்விப்பது காடிக்குள் இருக்கும் காற்றுதான். பின் சீட்டின் ஓரத்தில் கீழே ஒரு காற்றுத்துளையும் அதன் மேல் ஒரு மூடியும் இருக்கும். முதலில் அங்கே குனிந்து பார். தூசியும் துணி நூலும் அடைத்திருந்தால் விசிறி மூச்சுவிடாமல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். நடுவில் உள்ள மாட்யூல்கள் அதிகமாகச் சூடேறி மற்றவற்றுக்கு முன்பே சாகும். பழைய உரிமையாளர் அங்கே பை அடுக்கி வைத்திருந்தாரா என்று கேட்பதிலும் தப்பில்லை.

அடுத்து, காடியின் கணினியைப் படிக்கும் ஓபிடி புளூடூத் கருவி ஒன்றைச் செருகி, கைப்பேசியில் டாக்டர் பிரியஸ் செயலியைத் திற. காடி நிற்கும்போது வரும் எண்கள் எதையும் சொல்லாது. ஏர்கோனை முழுக்க வைத்து, ஒரு ஏற்றத்தில் நன்றாக அழுத்தி ஓட்டச் சொல்லி, நீ பக்கத்தில் உட்கார்ந்து பிளாக் (மாட்யூல் தொகுதி) வோல்ட்டேஜைப் பார். எல்லாம் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறினால் நலம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ட் அளவு கீழே விழுந்து, பிரேக் பிடிக்கும்போது மற்றவற்றுக்கு முன்னால் எகிறினால், அந்தத் தொகுதியில் ஒரு மாட்யூல் போய்விட்டது. பி0ஏ80 என்ற பிழைக் குறியீடு வந்தால் அதுவும் இதையே சொல்கிறது. விற்பவர் அதை அழித்துவிட்டுக் காட்டுவார், ஆகவே குறியீடு இல்லை என்பது நற்சான்று ஆகாது. அரை மணி நேரமாவது ஓட்டு.

"ஒரு மாட்யூலை மட்டும் மாற்றிக் கொடுக்கிறோம்" என்பார்கள். புதுப் பல்லைப் பழைய சீப்பில் ஒட்டுகிற வேலை அது. மற்ற பத்தொன்பதும் அதே வயது, சில மாதத்தில் அடுத்தது விழும். மாற்றினால் முழுப் பேட்டரியாக மாற்று. அப்போது மாட்யூல்களை இணைக்கும் செம்புத் தகடுகளைத் துடைக்கச் சொல். நம் ஊர் ஈரப்பதத்தில் பச்சை பூத்திருக்கும், தடை கூடி வோல்ட்டேஜ் தப்பாகக் காட்டும். இதை நீயே திறந்து பார்க்க நினைக்காதே. சர்வீஸ் பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் காத்திருந்து, மின்காப்புக் கையுறை போட்டுத்தான் ஆரஞ்சு ஒயர்களைத் தொட வேண்டும்.

இன்னும் இரண்டு இடத்தில் பலர் அடிவாங்குகிறார்கள். ஒன்று ஏர்கோன். பிரியஸ் சி-யின் மின் கம்ப்ரஸருக்கு என்டி-11 என்ற எண்ணெய்தான். சாதாரணக் காடிக்குப் போடும் பிஏஜி எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் மின்காப்பு கெட்டு, உயர் மின்னழுத்தம் கசிகிறது என்று காடி எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிடும். கேஸ் எங்கே ஏற்றினார்கள் என்று கேள். மற்றது பிரேக். கதவைத் திறந்ததும் ஒரு பம்ப் சில வினாடி உறுமும், அது சரி. மிதிக்காமலே அது அடிக்கடி மீண்டும் மீண்டும் ஓடினால் அழுத்தம் உள்ளே கசிகிறது. அந்தப் பாகம் மலிவல்ல. ஹைபிரிட்டில் பிரேக் பேட் தேய்வது குறைவு. ஆனால் பயன்பாடு குறைவதாலேயே காலிப்பர் பின் துருப்பிடித்து இறுகும், ஆண்டுக்கொருமுறை கழற்றி கிரீஸ் போட வேண்டும்.

வெள்ளம் பார்த்த காடியா என்பதையும் பார். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா பக்கம் என்ன ஆனது என்று உனக்கே தெரியும். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழு, கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறை இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு. பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரியைத்தான் தண்ணீர் முதலில் தொடும். பெயர் மாற்றத்துக்குப் புஸ்பகோம் வாகனச் சோதனை நிலையத்தில் பி5 சோதனை நடக்கும், ஆனால் பேட்டரியின் ஆயுளை அங்கே அளக்கமாட்டார்கள். எந்தக் காடி வாங்கினாலும் காப்புறுதியில் வெள்ளச் சேதத்தைத் தனியாகச் சேர். சாதாரண முழுக் காப்புறுதி அதைத் தராது.

12 வோல்ட் பேட்டரி பற்றி ஒரு வரி. ஹைபிரிட்டிலும் அது செத்தால் 'ரெடி' விளக்கு எரியாது, பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் காடி அசையாது. பிரியஸ் சி-யில் அது காடிக்குள்ளேயே இருப்பதால் வாயுக் குழாய் உள்ள வகையே போட வேண்டும். ஜம்ப் கேபிள் போட்டு அடுத்தவன் காடிக்கு உயிர் கொடுக்கும் உபகாரமும் வேண்டாம்.

என் தீர்ப்பு இது. கைக்காசைப் பார்த்தால் மைவி, மறுவிற்பனையும் சுலபம். சிட்டிதான் என்று வீட்டில் முடிவாகிவிட்டால், உன் ஜேமுக்குப் பெட்ரோல் சிட்டி வேண்டாம், ஹைபிரிட்டையே எடு. பிரியஸ் சி, விலையோடு ஒரு முழுப் பேட்டரியின் செலவைக் கூட்டிய பிறகும் மைவியைவிட நன்றாகக் குறைவாக இருந்தால் மட்டும். சனிக்கிழமை கடைக்குப் போகிறாய் என்றால் கருவியைப் பாலாவின் அண்ணனிடம் வாங்கிக்கொள், ரவாங் போய் வரும் வழியில் ஏற்றத்தில் ஓட்டிப் பார். பிளாக் வோல்ட்டேஜ் திரையைப் படம் பிடித்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும்வரை முன்பணம் கட்டாதே.

அன்புடன்,
தேவா