இரவில் கண்விழிக்க இன்னொருவர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகள் தினமும் உலக நீரிழிவு தினமும் ஒரே நாளில், நவம்பர் 14 அன்று வருவதையொட்டி, முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நோயின் அறிகுறிகளும் இன்சுலினும் உணவுமுறையும் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தன. அந்தக் குழந்தைகளை இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் பெற்றோரைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரியும் இல்லை. ஐந்து ஆண்டுகளாக அந்த இடத்தில் இருப்பவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என் மகளுக்கு இப்போது 11 வயது. ஆறு வயதில் ஒரே மாதத்துக்குள் உடல் இளைத்து, ஓயாமல் தண்ணீர் கேட்டு, மறந்துபோன பழக்கமாகிய படுக்கையை நனைத்தலும் திரும்பியபோது, வெயில் காலம் என்று விட்டுவிட்டோம். மூச்சு இரைக்கத் தொடங்கி, அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய இரவில்தான் நோயின் பெயரே எங்களுக்குத் தெரிந்தது. அன்று முதல் மூன்று வேளை உணவுக்கு முன்பும் படுக்கப் போகும்போதும் என நாளுக்கு நான்கு இன்சுலின் ஊசி, ஆண்டுக்கு 1,460. ஊசி போடுவது இரண்டு வாரத்தில் கைக்குப் பழகிவிட்டது. இன்றுவரை பழகாதது அதன் பின்னே வரும் கணக்கு. நான்கு இட்லியின் சர்க்கரையைக் குறைக்கும் அளவுக்கு மருந்தை ஏற்றிவிட்ட பிறகு பிள்ளை இரண்டோடு எழுந்துவிட்டால், மீதி இரண்டின் சர்க்கரைக்கு நான் எங்கே போவது? காய்ச்சல் வந்தால் ஒரு கணக்கு, மாலையில் கூடுதலாக ஓடியாடினால் வேறொரு கணக்கு, தேர்வுப் பயத்துக்கு இன்னொன்று.

இதில் இரவுதான் கொடியது. இரத்தத்தில் சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இறங்கினால் விழித்திருக்கும் பிள்ளை கை நடுங்குகிறது, பசிக்கிறது என்று சொல்லும். உறங்கும் பிள்ளை எதுவும் சொல்லாது. அதனால் இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, தூங்குகிறவளின் விரலில் குத்திப் பார்ப்பேன். அளவு 62 என்று வந்துவிட்டால், அவளைத் தட்டி எழுப்பிக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் காத்திருந்து மீண்டும் குத்திப் பார்த்து, அளவு ஏறிய பின்னும் தூக்கம் பிடிக்காமல் அவள் மூச்சைக் கவனித்தபடியே விடியும்வரை உட்கார்ந்திருப்பேன். தோலில் ஒட்டும் சென்சார் இருந்தால் அதுவே எச்சரிக்கும். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதற்குச் செலவழிக்க எங்களைப் போன்ற குடும்பங்களால் முடிவதில்லை. என் கணவர் ஷிப்ட் வேலை பார்ப்பவர். எனக்கிருந்த வேலையை நான் முதல் ஆண்டிலேயே விட்டுவிட்டேன். 36 வயதில் ஒருநாள் குழாயடியில் தலைசுற்றி விழுந்தபோது, எனக்கு இரத்த அழுத்தம் இருப்பதாகச் சொன்னார்கள்.

அதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மகளோடு மருத்துவமனைக்குப் போய்வந்த என்னிடம், நீங்கள் தூங்குகிறீர்களா என்று யாரும் கேட்டதில்லை. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை முடிவு வரும் நாளில் எனக்கு வயிற்றைக் கலக்கும். அளவு கூடியிருந்தால் கண்டிப்பு எனக்குத்தான், குறைந்திருந்தால் பாராட்டு பிள்ளைக்கு. பாராட்டு அவளுக்குப் போவதில் எனக்கு மகிழ்ச்சியே. அந்த எண்ணைக் கொண்டு ஒரு தாயின் அக்கறையை அளப்பதைத்தான் தாங்க முடியவில்லை. இந்த நோய் இனிப்பு தின்பதால் வருவதில்லை. உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது. இதை உறவினர்களுக்கு எத்தனை முறைதான் விளக்குவது? சாக்லேட் வாங்கிக் கொடுத்துக் கெடுத்தாய் என்கிறார் ஒருவர். பெண் பிள்ளை ஆயிற்றே, வெளியே சொல்லாதே என்கிறார் இன்னொருவர். ஒரு மண்டலம் கஷாயம் கொடுத்து ஊசியை நிறுத்திவிடலாம் என்று வீடு தேடி வந்து சொன்னவர்களும் உண்டு. இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து என்பதை அறிந்திருந்தும், களைத்துப்போன ஓர் இரவில் அந்தப் பேச்சு என் காதில் இனித்தது என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

எங்களைக் காப்பாற்றியது ஒரு செவிலியர். சாக்லேட் பழியை முதலில் சொன்ன என் மாமியாரை ஒருநாள் மருத்துவமனைக்கு அழைத்துவரச் சொல்லி, அவர் விரலிலேயே குத்தி, மீட்டரில் எண்ணைப் படிக்க வைத்து, எந்த எண்ணுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத அத்தைக்கு எண்கள் தெரியும். நான்கு முறை போய்வந்த பிறகு, சனிக்கிழமை இரவு தன்னுடையது என்று அவராகவே சொல்லிவிட்டார். அந்த முதல் சனிக்கிழமை நான் ஏழு மணி நேரம் தூங்கினேன். அத்தை அதற்குப் பின் சாக்லேட்டைப் பற்றிப் பேசியதே இல்லை.

அந்தச் செவிலியர் இதைத் தன் நல்ல மனத்தால் செய்தார். அவர் மாற்றலாகிப் போன பிறகு அங்கே யாரும் செய்வதில்லை. என் கோரிக்கை இதுதான். ஒரு குழந்தைக்கு இந்த நோய் உறுதியானதும், தாய்க்கு மட்டும் ஊசி போடக் கற்றுக்கொடுத்து அனுப்பாமல், தந்தையோ பாட்டியோ சித்தியோ, வீட்டில் இன்னொருவருக்கும் கட்டாயமாகப் பயிற்சி தர வேண்டும். அவ்வாறே பள்ளியிலும் ஒருவருக்கு. என் மகளைக் கழிப்பறையில் போய் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்ன பள்ளியும் உண்டு. இப்போதைய பள்ளியில் வகுப்பாசிரியையே மீட்டர் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறார், அதனால் பகலில் தொலைபேசி மணி அடித்தால் என் நெஞ்சு பதறுவதில்லை. இந்நோயுள்ள மாணவர்கள் பொதுத் தேர்வு அறைக்குச் சர்க்கரை மாத்திரையும் பழமும் தண்ணீரும் கொண்டுசெல்ல மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017-லேயே அனுமதித்தது. அந்த அக்கறை தேர்வு நாட்களோடு நின்றுவிடாமல் எல்லா வகுப்பறைக்கும் எல்லா நாளும் வர வேண்டும்.

2021-ல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், அத்தையின் இரத்த அழுத்தத்தைப் பார்க்க எங்கள் தெருவுக்கே தன்னார்வலர் வருகிறார். அதே வீட்டில் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளையைப் பற்றியும் அவளைப் பெற்றவளைப் பற்றியும் அவர் இரண்டு கேள்வி கேட்கலாமே. மன உளைச்சலுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், கட்டணமின்றிப் பேசலாம் என்பதை, நோய் தெரிந்து நான்கு ஆண்டுகள் கழித்து, வேறொரு தாய் சொல்லித்தான் அறிந்தேன். மருத்துவமனையில் தரும் சர்க்கரைக் குறிப்பேட்டின் அட்டையில் அந்த எண்ணை அச்சிட என்ன செலவாகிவிடும்?

அந்தக் குறிப்பேட்டில் எடைக்கு ஒரு கட்டம், உயரத்துக்கு ஒரு கட்டம், ஊசி அளவுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. இரவில் பிள்ளையைப் பார்ப்பது யார், அவர் எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று எழுத இன்னொரு கட்டம் சேர்க்குமாறு சுகாதாரத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
தூத்துக்குடி.