9 பஸ் இல்லை ஐயா, 27

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன இதழில் வந்த, ஐதரசனில் ஓடும் வாகனங்கள் பற்றிய கட்டுரையை வாசித்தேன். படங்கள் வடிவாக இருந்தன, தாளும் நல்ல தாள். ஆனால் நடுவில் ஒரு வரி: “ஐரோப்பியர் இருபது வருடம் கூடிக் கூடிக் கதைத்து 9 பஸ் ஓட்டினார்கள், அறிக்கை எழுதினார்கள்; அதற்குள் ஜப்பான்காரன் காரையே செய்து விற்றுவிட்டான்.” எழுதியவர் இதை எழுதி முடித்துவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணீர் குடித்திருப்பார். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

முதலில் அந்த 9. அது நகரங்களின் கணக்கு. ஆம்ஸ்டர்டாம், பார்சலோனா, ஹாம்பர்க், லண்டன், லக்சம்பேர்க், மட்ரிட், போர்ட்டோ, ஸ்டொக்ஹோம், ஸ்டுட்கார்ட். நகரத்துக்கு மூன்று பஸ், ஆக 27. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த பெருக்கல். 2003 இல் பஸ் ஓடத் தொடங்கிய இந்த ஐரோப்பியக் கூட்டுத் திட்டத்துக்கு ‘கியூட்’ என்று பெயர். இதே வகை பஸ் மூன்று ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கிலும், மூன்று அவுஸ்திரேலியாவின் பேர்த்திலும் ஓடின. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல, எத்தனையோ வருடமாகப் பத்திரிகை நடத்துகிறீர்கள். தெரிந்தும் எப்படி அச்சுக்கு விட்டீர்கள் என்பதுதான் என் கேள்வி.

ஒரே பஸ்ஸை ஒன்பது ஊரில் ஏன் ஓட்ட வேண்டும் என்று கட்டுரையாளர் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் ‘கூடிக் கூடிக் கதைத்து’ என்று எழுதியிருக்க மாட்டார். ஸ்டொக்ஹோமில் குளிர், மட்ரிட்டில் வெயில், ஸ்டுட்கார்ட்டில் ஏற்ற இறக்கம், லண்டனில் நகரவே நகராத நெரிசல். ஐதரசனும் எல்லா ஊரிலும் ஒரே வழியில் வரவில்லை. ஆம்ஸ்டர்டாமிலும் ஹாம்பர்க்கிலும் அங்கேயே தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து எடுத்தார்கள், மட்ரிட்டிலும் ஸ்டுட்கார்ட்டிலும் இயற்கை வாயுவிலிருந்து எடுத்தார்கள், லண்டனுக்கு வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். எந்த வழியில் எவ்வளவு செலவு, எங்கே பம்ப் பழுதாகிறது, எங்கே ஊர்ச்சனம் வேண்டாம் என்கிறது என்பதைத் தனி ஒரு கம்பெனி தன் காசில் ஒன்பது ஊரில் பார்த்துவிட்டு, அதை எல்லோருக்கும் வெளியில் சொல்லவும் செய்யுமா?

அந்த பஸ்கள் பிரமாதம் என்று நான் சொல்ல வரவில்லை. 100 கிலோமீட்டருக்கு 20 கிலோவுக்கு மேல் ஐதரசன் குடித்தன. ஐதரசனையும் காற்றிலுள்ள ஒட்சிசனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கிற எரிபொருட் கலத்தை டீசல் பஸ்ஸின் உடம்பிலேயே பொருத்தியிருந்தார்கள், பிரேக் பிடிக்கும்போது வரும் சக்தியைத் திரும்பப் பிடித்து வைக்க பேட்டரி இல்லை, கூரையில் 350 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 350 மடங்கு, அழுத்தத்தில் சிலிண்டர் வரிசை. இந்தக் குறைகளை எல்லாம் எழுதி வைத்ததுதான் உங்கள் கட்டுரையாளர் நக்கலடிக்கிற அந்த ‘அறிக்கை’. 2010 இலிருந்து 2016 வரை ஒஸ்லோ, மிலான், பொல்சானோ, சுவிஸின் ஆர்காவ், மறுபடி லண்டன் என்று ஓடிய அடுத்த தலைமுறை பஸ்கள் அதே 100 கிலோமீட்டருக்கு 9 கிலோ அளவில் நின்றன. பாதிக்கும் குறைவு. அறிக்கையை வாசித்தவன் எவனோ இருந்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். அகதியாக ஜேர்மனிக்கு வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு தொழில் படித்து, கடைசியில் ஒரு சோதனைக்கூடத்தில் டெக்னீஷியனாக ஓய்வு பெற்றவன் நான். கூடத்தின் பெயர் வேண்டாம். எரிபொருட் கலத்தைச் சோதிக்கிற பெஞ்ச் என் பொறுப்பில் இருந்தது. ஒரு கலம் வேலை செய்யும்போது தருவது முக்கால் வோல்ட்கூட இல்லை. நூற்றுக்கணக்கில் அடுக்கினால்தான் பஸ் நகரும். அந்த அடுக்கில் ஒரே ஒரு கலத்துக்கு வாயு போதாமல் போனாலும் அது கெட்டு மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். நடுவில் இருக்கும் மென்சவ்வு காய்ந்தாலும் கெடும், தண்ணீர் தேங்கினாலும் கெடும். அதனால் இரவு, ஞாயிறு, நத்தார் என்று பார்க்க முடியாது, வோல்ட் இறங்கினால் போன் வரும், எழுந்து போக வேண்டும். இதைத்தான் ஐயா ‘கதைத்தார்கள்’ என்று உங்கள் பத்திரிகை எழுதியிருக்கிறது.

கூட்டு ஆராய்ச்சியில் உண்மையில் எங்கே கழுத்து முறிந்தது என்று சொல்லவா? அளப்பதில். ஒரு கூடத்தில் ஒரு வெப்பநிலை, இன்னொன்றில் வேறு ஈரப்பதம், மூன்றாவதில் வேறு அழுத்தம். பிரெஞ்சுக்காரர் எங்கள் கலம் இவ்வளவு மணித்தியாலம் தாங்கியது என்பார், எங்கள் ஆட்கள் நாங்கள் வைத்தபோது பாதியிலேயே போய்விட்டது என்பார்கள், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இதை ஒரு வழிக்குக் கொண்டுவரத்தான் நெதர்லாந்தில் பெட்டன் என்ற கடலோர ஊரில் இருக்கும் ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் கார் கம்பெனிகளையும் கூடங்களையும் உட்கார வைத்து, 2015 இல் பொதுவான சோதனை முறையை வெளியிட்டது. பார்க்க ஒரு அலுப்பான பிடிஎஃப்தான், அதைப் படம் எடுத்து அட்டையில் போட முடியாது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு கூடத்தின் எண்ணை மற்றக் கூடம் சந்தேகமில்லாமல் எடுத்துப் பார்க்க முடிந்தது. என்னைக் கேட்டால் 27 பஸ்ஸைவிட அது பெரிய வேலை.

ஜப்பானோடு எனக்குச் சண்டை இல்லை. டொயோட்டா 2014 டிசம்பரில் ஐதரசனில் ஓடும் மிராய் காரை விற்கத் தொடங்கியது, நல்ல கார். ஆனால் ‘ஐரோப்பியர் கோட்டை விட்டார்கள், ஜப்பான்காரன் முடித்தான்’ என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி எழுதுவதற்கு இது ஒருவரை ஒருவர் தோற்கடிக்கிற காரியமே இல்லை. கியூட் பஸ்ஸில் இருந்த கலங்கள் கனடாவின் பல்லார்ட் கம்பெனி செய்தவை. போர்த்துக்கல்லின் கயட்டானோ இன்றைக்குச் செய்யும் ஐதரசன் பஸ்ஸுக்குள் இருப்பது டொயோட்டாவின் கலம். ஆரம்பமே அப்படித்தான். 1839 வாக்கில் வேல்ஸில் பிறந்த வில்லியம் குரோவும் சுவிஸின் பாசலில் இருந்த ஷொன்பைனும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டே இந்தக் கலத்துக்கு வழி கண்டார்கள். இங்கிலாந்தின் பிரான்சிஸ் பேக்கன் 1959 இல் 5 கிலோவாட் கலத்தைக் காட்டினார், அவருடைய காப்புரிமையைப் பயன்படுத்த அமெரிக்கர் உரிமம் வாங்கி அப்பல்லோ விண்கலத்துக்குக் கொண்டுபோனார்கள். இதில் யாருடைய கொடியை யார் நாட்டுவது?

கோபம் வந்ததும் பழையதெல்லாம் சேர்ந்து வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சில வருடங்களுக்கு முன் இதே பத்திரிகை ‘தண்ணீரில் ஓடும் கார்’ என்று அரைப்பக்கம் போட்டது. அப்போதும் எழுதினேன். ஐதரசன் ஒட்சிசனோடு சேர்ந்து சக்தியைக் கொடுத்த பிறகு மிஞ்சுவது தண்ணீர், அதையே எரிபொருள் என்பது அடுப்புச் சாம்பலில் சோறு காய்ச்சுகிறேன் என்பது போல என்று எவ்வளவு பணிவாக எழுத முடியுமோ அவ்வளவு பணிவாக எழுதினேன். என் கடிதம் அச்சில் வரவில்லை. அந்த இடத்தில் வெந்தயத்தின் மகிமை பற்றி ஒரு வாசகியின் கடிதம் வந்தது. வெந்தயம் நல்லதுதான், நானும் சாப்பிடுகிறேன்.

பிறகு 2019 இல் நோர்வேயில் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் சாண்ட்விகாவில் ஐதரசன் நிலையம் வெடித்தபோது ஐதரசன் நிரப்பிய ஹிண்டன்பர்க் ஆகாயக்கப்பல் 1937 இல் எரியும் படத்தைப் போட்டு ‘மறுபடியும்’ என்று தலைப்பு வைத்தீர்கள். அங்கே நடந்தது ஒரு உயர் அழுத்தத் தொட்டியின் மூடியைச் சரியாகப் பூட்டாததால் வாயு கசிந்தது, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள், அந்த விளக்கத்துக்கு உங்கள் பத்திரிகையில் நாலு வரி கிடைக்கவில்லை.

இதில் ஐரோப்பாவைத் திட்ட விஷயமே இல்லையா என்றால், மலைபோல இருக்கிறது, அதைத்தான் உங்கள் கட்டுரையாளர் தொடவே இல்லை. பிரான்சில் மொன்பெலியே நகரம் 51 ஐதரசன் பஸ் வாங்குவதாக இருந்து, மின்சார பஸ்ஸை ஓட்டுவது ஆறில் ஒரு பங்கு செலவுதான் என்று கணக்குப் பார்த்து 2022 இல் கைவிட்டது. அதை எழுதியிருக்கலாம். 2030 இல் வருடத்துக்கு ஒரு கோடி தொன் பசுமை ஐதரசன், அதாவது காற்று, வெயில் போன்றவற்றின் மின்சாரத்தால் எடுக்கிற ஐதரசன், செய்வோம் என்று பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஆணையம் சொன்ன இலக்கு அளவுக்கு மிஞ்சியது என்று ஐரோப்பாவின் சொந்தக் கணக்குத் தணிக்கை மன்றமே 2024 இல் எழுதியது. அதையும் எழுதியிருக்கலாம். அப்புறம் எங்களைப் போன்றவர்களின் கதை. திட்டத்துக்கு மூன்று நாலு வருடம்தான் காசு வரும். முடிந்ததும் பெஞ்சைக் கழற்றுவார்கள், ஒப்பந்தத்தில் இருந்த பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவார்கள், அடுத்த திட்டத்துக்குப் புதுப் பிள்ளைகள் வந்து அதே வால்வைத் தலைகீழாகப் பூட்டுவார்கள். என்னோடு நின்று இரவிரவாக வேலை செய்த ஒரு பெண் அப்படித்தான் போய், இப்போது காப்புறுதி விற்கிறாள். இறுதி அறிக்கையில் பங்காளி நிறுவனங்களின் சின்னங்கள் ஒரு பக்கம் முழுக்க இருந்தன, எங்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. அதற்கு நான் அப்போதே சண்டை பிடித்தேன், உங்களோடு அல்ல.

ஆனால் இங்கே ஜேர்மனியில் யூலிக் ஆய்வு மையத்தில் 2007 இல் மூட்டிய ஒரு திண்ம ஒட்சைட்டுக் கல அடுக்கு (மென்சவ்வுக்குப் பதில் பீங்கான் இருக்கிற வகை) 700 பாகையில் 2019 வரை, ஒரு லட்சம் மணித்தியாலத்துக்கு மேல், ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ அதை ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். வட ஜேர்மனியின் பிரமர்வோர்டேயில் 2018 இல் ஐதரசன் ரயில் சனத்தை ஏற்றத் தொடங்கியது. இவற்றைப் பற்றி ஒரு வரி இல்லாமல் ‘அறிக்கை எழுதினார்கள்’ என்று முடிக்க எப்படி மனம் வந்தது?

சரி. பக்கத்தை நிரப்பச் சொல்லிக் கேட்கவில்லை. மன்னிப்பும் வேண்டாம். அடுத்த இதழில் எங்காவது ஒரு மூலையில், சந்தா விபரத்துக்குக் கீழே என்றாலும் பரவாயில்லை, ‘9 பஸ் என்பதை 9 நகரங்கள், 27 பஸ் என்று திருத்தி வாசிக்கவும்’ என்று ஒரு வரி போடுங்கள். இடம் இல்லை என்றால் வெந்தயக் கடிதத்தை ஒரு மாதம் தள்ளி வைக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டெக்னீஷியன், சந்தாதாரர்,
ஜேர்மனி