நூல் கணக்கு தெரிந்த பையனுக்குப் பின்னம் வராதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பின்னக் கணக்கில் பிள்ளைகள் திணறுவது பற்றி உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இன்னும் நிறையப் பயிற்சித்தாள் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறது கட்டுரை. நடுநிலைப் பள்ளியில் 31 வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஆறாம் வகுப்பில் ஒரு பையன். அப்பா தச்சு வேலை செய்பவர். 1/2 + 1/4 போடச் சொன்னால், மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் நாலும் ஆறு என்று கூட்டி 2/6 என எழுதி நீட்டுவான். மூன்று நாள் மீச்சிறு பொது மடங்கு நடத்தினேன். நாலாவது நாளும் 2/6 தான். அந்த வாரம் சனிக்கிழமை எங்கள் வீட்டுக் கதவைச் சரிசெய்ய அவன் அப்பா வந்தார், இவனும் கூட வந்திருந்தான். அரை இஞ்ச் பலகை மேல் கால் இஞ்ச் பிளைவுட் வைத்தால் மொத்தம் எவ்வளவு கனம் வரும் என்று அப்பா கேட்டார். "நாலு நூலும் ரெண்டு நூலும் ஆறு நூல். முக்கால் இஞ்ச்பா" என்றான். டேப்பைத் தொடவே இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நூல் என்பது தச்சு வேலையில் புழங்கும் அளவு, ஒரு இஞ்ச்சுக்கு எட்டு நூல். அரையையும் காலையும் நூலாக மாற்றிவிட்டால் அப்புறம் சாதாரணக் கூட்டல்தான். நான் மூன்று நாள் தொண்டை வற்றக் கத்திய 'பகுதிகளைச் சமப்படுத்துதல்', அதாவது பின்னங்களின் கீழ் எண்ணை ஒன்றாக்குவது, அவன் வீட்டில் தினமும் நடக்கிறது. திங்கட்கிழமை அவன் நோட்டில் இருந்த 2/6-ஐக் காட்டி, "இது அரையைவிடப் பெரிசா சின்னதா?" என்று கேட்டேன். ஆறில் மூன்றுதானே அரை, இது குறைச்சல் என்றான். "அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா அரையைவிடக் குறையுமாடா?" அவனே ரப்பரை எடுத்து அழித்தான். அந்தக் கேள்வியை அதற்கு முன்னால் ஒரு வகுப்பிலும் நான் கேட்டதில்லை என்பது இன்றைக்கும் என் மனசை உறுத்துகிறது.

இது நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1978-ல் நடந்த தேசிய மதிப்பீட்டில், 12/13 + 7/8 தோராயமாக எவ்வளவு என்று 13 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். 1, 2, 19, 21 ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டுமே கிட்டத்தட்ட ஒன்று, அதனால் விடை 2. அதைச் சரியாகச் சொன்னவர்கள் 24 சதவீதம் பேர். பாதிக்கும் மேற்பட்டவர்கள் 19 அல்லது 21 என்றார்கள், அதாவது மேலே இருப்பதையோ கீழே இருப்பதையோ அப்படியே கூட்டிவிட்டார்கள். பின்னமும் ஓர் எண், அதற்கென்று ஓர் அளவு உண்டு என்பது மனதில் பதியாமலே விதிக்குப் போனால் எந்த ஊரிலும் இதுதான் நடக்கும்.

நமக்கோ மொழியே பாதி வேலையைச் செய்துவைத்திருக்கிறது. காலில் பாதி அரைக்கால்; 1/2 × 1/4 = 1/8 என்ற பெருக்கல் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மூன்று கால் சேர்ந்தால் முக்கால். 'நான்கில் மூன்று' என்னும்போது எத்தனையாகப் பிரித்தோம் என்பதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம்தான் எத்தனை எடுத்தோம் என்கிறோம். வகுப்பில் அதை 'மூணு பை நாலு' ஆக்கியதும் இரண்டு தனித்தனி எண்கள்தான் பிள்ளை காதில் விழுகின்றன. என் அம்மா காலத்தில் ரூபாய்க்கு 16 அணா, அதனால் அரைக்கால் ரூபாய் என்றால் இரண்டணா என்று கடைக்குப் போகிற குழந்தைக்கும் தெரியும். 1957-ல் ரூபாய் நூறு பைசாவானது, 2011-ல் நாலணாவும் செல்லாமல் போனது. கையில் புழங்கிய பின்னங்கள் போய்விட்டன. இன்று வகுப்பில் அவற்றைக் கையில் கொடுத்தாக வேண்டும்.

அதற்கு வட்டத்தை வெட்டி வண்ணம் தீட்டினால் மட்டும் போதாது. ஒரு வட்டத்துக்குள் 5/4 எங்கே இருக்கிறது என்று எந்தக் குழந்தையாலும் காட்ட முடியாது. டேப்பில் அது ஒன்றைத் தாண்டி இரண்டு நூல் தள்ளி இருக்கிறது. வகுத்தலும் அப்படித்தான். மூன்று லிட்டர் பாலுக்கு எத்தனை அரை லிட்டர் ஆவின் பாக்கெட் என்றால் ஆறு என்று உடனே சொல்கிற பிள்ளை, 3 ÷ 1/2 என்றதும் ஒன்றரை என்கிறது. 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்பது பாக்கெட்டை எண்ணிப் பார்த்த பிறகு வரட்டும்.

நாலாம் வகுப்பிலேயே குழுவுக்கு ஒரு தையல்கடை டேப் கொடுங்கள். ஒரு மாதம் அளக்கட்டும். விதியே அப்புறம்தான். வினாத்தாள் எடுப்பவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பின்னப் பகுதியில் ஒரு கேள்வியாவது கணக்குப் போடாமல், விடை அரையைவிடப் பெரியதா, ஒன்றைத் தாண்டுமா என்று மட்டும் கேட்பதாக இருக்கட்டும். தேர்வில் வந்தால்தான் வகுப்பில் வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்