அரை நாள் கூலியை யார் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலையிடத்து மன அழுத்தம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அதில் வந்த ஆய்வுகளில் ஒன்றுகூட நம் பக்கம் நடந்ததில்லை. அது ஏன் என்று எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். நான் கடலூர் திருப்பாப்புலியூரில் இருக்கிறேன். உளவியலில் முனைவர் பட்டம் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை, நிரந்தரமில்லை.

மனிதர்களின் குணத்துக்கும் அவர்கள் பார்க்கும் வேலைக்கும் என்ன தொடர்பு என்பதுதான் என் ஆய்வு. கேட்பவர்கள் "ஜோசியம் மாதிரியா?" என்கிறார்கள். போன வருடம் என் மாணவியின் அண்ணன், ஐடிஐ-யில் ஃபிட்டர் படித்தவன், ஒரு தொழிற்சாலைக்கு இன்டர்வியூ போனான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து ஐம்பது கேள்வி கேட்டார்கள். மெஷின் பற்றி ஒரு வரி இல்லை. எல்லாம் அவன் எப்படிப்பட்ட ஆள் என்பது பற்றித்தான். ஆங்கிலத்தை வரிக்கு வரி பெயர்த்த தமிழ். முதல் கேள்வியே 'விருந்தின் உயிர் நானே'. ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் போட வேண்டும். கல்யாணப் பந்தியில் ஓடியாடிப் பரிமாறுவதைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, பையன் ஐந்து போட்டுவிட்டு வந்தான். நாலு பேர் கூடும் இடத்தில் கலகலப்பாக இருப்பாயா என்பதுதான் அங்கே கேட்க வந்தது.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இந்த மதிப்பெண்ணைப் பார்த்து ஒருவனுக்கு வேலை கொடுக்கிறார்கள், இல்லை என்கிறார்கள்.

இந்தக் கேள்விகளின் பின்னே பெரிய உழைப்பு இருக்கிறது. 1936-இல் ஆல்போர்ட், ஆட்பெர்ட் என்ற இருவர் ஆங்கில அகராதியிலிருந்து மனிதரை வர்ணிக்கும் சொற்களாகக் கிட்டத்தட்ட 18,000 பொறுக்கி எடுத்தார்கள். அந்த வழியில் போய்த்தான் பிற்பாடு 'ஐந்து பெருங்குணங்கள்' என்ற கணக்கு வந்தது: கலகலப்பு, இணக்கம், பொறுப்புணர்வு, மனப்பதற்றம், புதியதை நாடும் மனம். அவற்றில் பொறுப்புணர்வு மட்டும் எந்த வேலையாக இருந்தாலும் செயல்திறனோடு ஒட்டி வருகிறது என்று 1991-இல் பேரிக், மவுன்ட் என்ற இரு ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். சரி. ஆனால் பொலிவியாவின் சிமானே பழங்குடிகளிடம் இதே அளவுகோலைக் கொண்டுபோய் வைத்தபோது ஐந்தும் ஐந்தாகப் பிரிந்து நிற்கவில்லை. 2013-இல் வந்த ஆய்வு அது. நம்மிடம் எப்படி நிற்கும்? ரோஷம், கறார், கைச்சுத்தம், நெளிவுசுளிவு தெரிந்தவர், வாய்த்துடுக்கு... இவை அந்த ஐந்தில் எதில் சேரும்? தமிழில் யாராவது உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

ஆய்வுக்கு ஆள் கிடைக்காத ஊரா இது? எட்டு மணி நேர வேலை கேட்டுப் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் பன்னிரண்டு பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட பகுதி. அதுவும் இதே 1936-தான். நெய்வேலியில் சுரங்கம், குடிகாட்டில் சிப்காட், முதுநகரில் துறைமுகம், பண்ருட்டியில் முந்திரி என்று வேலைக்கா பஞ்சம்!

பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்ட ஐம்பது கேள்விகளை எடுத்து, பேச்சுத் தமிழுக்கு மாற்றி, முதுநகர் துறைமுகத்தில் மீன் விற்கும் ஒரு அக்காவிடம் போனேன். எட்டாவது கேள்வி, 'பொருள்களை அங்கங்கே போட்டுவிடுவேன்.' அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "இருக்கறதே ஒரு ரூம்பு. அங்கங்கன்னா எங்கம்மா?" ஒழுங்கை அளக்கும் கேள்வி வீட்டின் சதுரடியை அளந்துவிட்டது. இருபத்திரண்டாவது கேள்வி வரும்போது வாடிக்கையாளர் இரண்டு பேர் பக்கத்துக் கூடைக்குப் போய்விட்டார்கள். "உனக்குப் பதில் சொல்லினு இருந்தா என் மீனை யாரு விப்பா?" என்றார். நியாயம்தானே? ஒருவரை உட்கார வைத்தால் அவருடைய அரை நாள் கூலியையாவது கொடுக்க வேண்டும். முந்நூறு பேருக்கு அந்தக் கூலி, மொழிபெயர்த்ததைச் சரிபார்ப்பவர்களுக்குச் சன்மானம், ஜெராக்ஸ், பஸ் செலவு எல்லாம் சேர்த்தால் என் கணக்கில் மூன்று லட்சத்துக்குள் முடியும்.

அந்த மூன்று லட்சத்துக்குத்தான் வழியில்லை. முனைவர் பட்டத்துக்குப் படிக்கும்போது ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கியிருந்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அது இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு 8,000. பட்டம் வாங்கியதும் இரண்டும் நின்றுவிடும். சமூக அறிவியல் ஆய்வுக்கான மத்திய அமைப்பு ஐசிஎஸ்எஸ்ஆர், பட்டம் வாங்கியவர்களுக்கு முதுமுனைவர் உதவித்தொகை தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அது முழுநேர வேலை. கையிலிருப்பதை விட்டுவிட்டுப் போனால் இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வரும்போது என் இடத்தில் வேறொருவர் இருப்பார். திட்ட நிதிக்கு ஒரு இடத்தில் விண்ணப்பித்தேன். 'நிரந்தரப் பணியா?' என்ற கட்டத்தைத் தாண்டவில்லை. 50,000 கோடி ரூபாய் இலக்கோடு 2023-இல் சட்டம் போட்டு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையை அமைத்தார்கள். சமூக அறிவியலுக்கு அதில் ஓரமாக ஒரு இடம் இருக்கிறது. அந்த ஓரத்தில் எங்களைப் போன்றவர்கள் நிற்க முடியுமா என்பதுதான் கேள்வி.

அமெரிக்க உளவியல் சங்கம், பட்டம் வாங்கிப் பத்து ஆண்டுக்குள் இருப்பவர்களைத் 'தொடக்கநிலை உளவியலாளர்' என்று தனியாகவே பார்க்கிறது. நம்மிடம் மாணவர் உண்டு, பேராசிரியர் உண்டு. நடுவில் இருப்பவருக்குப் பெயர்கூடக் கிடையாது.

நான் கேட்பது இவ்வளவுதான். தமிழக அரசோ புதுவை அரசோ, பட்டம் வாங்கிய புதிதில் இருப்பவர்களுக்கு, நிரந்தர வேலை இருக்கிறதா என்று கேட்காமல், களப்பணிக்கு மட்டும் ஒரு சிறு நிதி ஒதுக்கட்டும். பணத்தை என் கையில் தர வேண்டாம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டிலும் உளவியல் துறை உண்டு. கணக்கு அங்கேயே இருக்கட்டும், பில்லைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன்.

அந்த அக்கா நல்லவர். "மிச்சத்தைத் தடைக்காலத்துல வந்து கேளு, அப்ப வேலை கம்மியாத்தான் இருக்கும்" என்றார். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை. கௌரவ விரிவுரையாளர்களான எங்களுக்கு மே மாதச் சம்பளம் கிடையாது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திருப்பாப்புலியூர், கடலூர்.